சித்தூர்ப்புழாக் கரையில் தமிழர் குடியேறியது எப்போது?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் தமிழர்கள் எந்த ஆண்டில் குடியேறினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இரண்டு செய்திகளையும் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் பூட்டனார் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு போனவர் என்று பாட்டி சொல்வார் என்பது ஒன்று. உடன் படித்த மலையாள நண்பர் ஒருவர், ஒரு பழைய போரை நடித்துக்காட்டும் சித்தூர்க் கோயில் விழாவான கொங்கன்படையை வைத்து, ‘கொங்கன்படையில தோத்துப் போனவங்கதானே நீங்க, அப்புறம் வந்தவங்கதானே’ என்று சொன்னது இன்னொன்று. அதனால் நீங்கள் தேடுவது ஓர் ஆண்டை மட்டுமல்ல. அந்த மண்ணில் உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு பாத்தியதை உண்டு என்பதுதான் கேள்வி. அப்படியே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். ஆந்திரத்துச் சித்தூரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதை மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

நான் கேரள வருவாய்த் துறையில் வில்லேஜ் ஆபீஸ், தாலூக்கா ஆபீஸ் என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பழைய ஆதாரங்களையும் (கேரளத்தில் நிலப் பத்திரத்துக்கு இதுதான் பெயர்), நிலத்தை அளந்து வரி நிர்ணயித்த செட்டில்மென்ட் பதிவேடுகளையும் படித்துப் பழகியவன். அதனால் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளைப் பற்றி ஓரளவு உறுதியோடு பேச முடியும். அதற்கு முந்தியது கல்வெட்டு அறிஞர்களின் வேலை. எனக்கு வட்டெழுத்து வாசிக்கத் தெரியாது. அந்தப் பகுதியில் நான் சொல்வதை, பலர் எழுதியதைப் படித்து எடைபோட்டவனின் கருத்தாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரடியான பதில் இது: ஒரே ஆண்டு என்று எதுவும் இல்லை, ஒரே கூட்டமாகவும் யாரும் வரவில்லை. நெசவாளர், அக்கிரகாரத்தார், ராவுத்தர், கொங்குக் குடியானவர், அவர்களோடு வந்த கூலியாட்கள் என ஒவ்வொருவரும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு தேவைக்காக வந்தார்கள். அவர்களில் உங்கள் பூட்டனார் எந்த அலையில் வந்தவர் என்பதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஆற்றைப் பாருங்கள். ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறு பொள்ளாச்சி வட்டத்தைத் தாண்டி, மணக்கடவுக்கு அப்பால் கேரளத்துக்குள் நுழைகிறது. மூலத்தறை வழியாகச் சித்தூரையும் தத்தமங்கலத்தையும் தொட்டுக்கொண்டு போய், பறளியில் கல்பாத்திப்புழாவோடு சேர்ந்து பாரதப்புழா ஆகிறது. சித்தூர்ப்புழா, கண்ணாடிப்புழா, சோகநாசினி எல்லாம் இதே ஆறுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் இந்த ஊர் இருக்கிறது. கொங்கு நாட்டிலிருந்து இங்கே வர ஒரு மேடும் ஏற வேண்டியதில்லை. பொள்ளாச்சியிலும் வெள்ளலூரிலும் ரோமக் காசுப் புதையல்கள் கிடைத்ததற்குக் காரணம், மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களைக் கருவூரோடு இணைத்த பெருவழி இந்தக் கணவாய் வழியாகப் போனதுதான். சங்ககாலச் சேரருக்குக் கணவாயின் இரு பக்கமும் ஒரே நாடு. அந்தக் காலத்தில் யார் தமிழர், யார் மலையாளி என்று பிரிக்கவே முடியாது. ஆகவே ‘எப்போது வந்தார்கள்’ என்ற கேள்வி, இங்கே மலையாளம் தனி மொழியாக நிலைபெற்ற பிறகுதான் பொருள்படும்.

யார் முதலில் என்ற வாதம் வரும்போதெல்லாம் ஒரு மக்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சித்தூர் வட்டத்தின் கிழக்கிலும் தெற்கிலும் எரவாளர்களும் மலசர்களும் இருக்கிறார்கள். கொச்சி அரசுக்காக அனந்தகிருஷ்ண ஐயர் எழுதிய சாதி, பழங்குடி நூலின் முதல் தொகுதி 1909இல் வந்தது. எரவாளர் சித்தூர் வட்டத்தில் இருப்பதை அதில் விரிவாகவே எழுதியிருக்கிறார். அவர்கள் பேசுவது தமிழோடு ஒட்டிய பேச்சு. காடாக இருந்த நிலம் வயலும் தோப்புமாக ஆன பிறகு, அதே நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள் அவர்கள். 2002இல் பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் குளிர்பான ஆலைக்கு எதிராகப் போராட்டம் எழுந்தபோது முன்னால் நின்ற மயிலம்மா எரவாளர் பெண். மலையாளியோ கவுண்டரோ ‘நாங்கள்தான் முந்தி’ என்று சொல்லும்போது இவர்களை ஒரு நிமிடம் நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி கொங்கன்படைக்கு வருகிறேன், உங்கள் மனத்தை உறுத்துவது அதுதான். சித்தூர்க் காவு (கோயில்) பகவதிக்கு மாசி மாதம் சிவராத்திரியை ஒட்டி நடக்கும் விழா இது. கொங்கு மன்னன் படையெடுத்து வருகிறான், போருக்கு அழைத்து ஓலை அனுப்புகிறான், ஊர்க்காரர்கள் பகவதியிடம் முறையிடுகிறார்கள், அவளே இறங்கிவந்து கொங்கனை வெல்கிறாள். இதுதான் கதை. விழாவில் ஓலை வாசிப்பு உண்டு, குதிரைமேல் கொங்கன் உண்டு, படை மோதுவதும் உண்டு. ஒரு பழைய போரின் நினைவை ஊரே நடித்துக்காட்டுகிற இப்படியொரு விழா கேரளத்தில் அரிது.

இதில் உறுதியானது எது? கணவாய் வழியாகக் கொங்கிலிருந்து படைகள் வந்துபோனது உறுதி. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் கொங்கு நாட்டைப் பிடித்த பிறகு, இந்த வாசல் அவர்களுக்கும் கேரளத்தை ஆண்ட சேரப் பெருமாள்களுக்கும் நடுவே இருந்தது. அதன் பின் கொங்குச் சோழர் காலத்திலும் எல்லை அமைதியாக இருந்திருக்க வாய்ப்பில்லை. சந்தேகத்துக்குரியது எது? இந்த விழா குறிக்கும் போர் எது, அந்த மன்னன் யார், எந்த ஆண்டு என்பதெல்லாம். ஆண்டு போட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆண்டுகளை நான் ஏற்பதில்லை, வாய்மொழிக் கதைக்குப் பின்னாளில் யாரோ தேதி கொடுத்தது போலத்தான் தெரிகிறது. எது எப்படியானாலும், கதையில் வரும் கொங்கன் படையோடு வந்த அரசன். உங்கள் பூட்டனார் ஏர் மாட்டோடு வந்த குடியானவர். இரண்டு பேரையும் ஒன்றாக்குவது வரலாறு ஆகாது. கொங்கன் தோற்ற கதைக்கும், கொங்குக் குடிகள் வந்து நிலைத்த நிகழ்வுக்கும் இடையே பல நூறு ஆண்டுகள் இருக்கின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ் பேசும் குடும்பங்களும் இன்றைக்கு அந்தக் காவில் நேர்ச்சை வைக்கிறார்கள், விழாவுக்குப் போகிறார்கள். யாரும் அதைத் தங்கள் தோல்வியாக நினைப்பதில்லை.

ஆற்றங்கரையில் சித்தூர் தெக்கே கிராமத்தில் எழுத்தச்சன் குருமடம் இருக்கிறது. மலையாளத்தின் பெருங்கவி துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தை இங்கே கழித்தார் என்பது மரபு. அவருடைய சீடர்கள் நிலம் வாங்கி, தெரு அமைத்து, பிராமணக் குடும்பங்களைக் குடியமர்த்தினார்கள் என்றும் சொல்வார்கள். அவர் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் முக்காலியும் பாதக்குறடும் கைத்தடியும் சித்தூரில் வைக்கப்பட்டிருந்ததை 19ஆம் நூற்றாண்டில் பர்னல் என்ற ஆங்கிலேய அறிஞர் குறித்துவைத்தார். எழுத்தச்சன் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பதே பெரும்பாலான அறிஞர் கருத்து. ஆகவே குடியமர்த்திய கதை மெய்யானால், அக்கிரகாரத்தின் வயது நானூறு ஆண்டு அளவில் நிற்கும். பக்கத்துக் கல்பாத்தியில் நிலைமை இதைவிடத் தெளிவு. அங்கே விசாலாட்சி சமேத விசுவநாதர் கோயில் 1425ஐச் சேர்ந்தது என்று கல்வெட்டை வைத்துச் சொல்கிறார்கள். தஞ்சைப் பக்கத்துத் தமிழ்ப் பிராமணர் பாலக்காட்டுக்கு வரத் தொடங்கியது குறைந்தது அந்தக் காலத்திலிருந்து. சித்தூர் அக்கிரகாரம் அந்த வரிசையில் பிந்தியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நெசவாளர்களுக்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. 1800ஆம் ஆண்டின் கடைசியில், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய் எழுதிய பிரான்சிஸ் புக்கானன் ஆனைமலை வழியாகக் கொல்லங்கோட்டுக்கு வந்து, அங்கிருந்து பாலக்காடு போனார். கொல்லங்கோட்டில் தமிழ்க் கைக்கோளர் இருந்து நெய்வதையும், பருத்தி கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வருவதையும் எழுதியிருக்கிறார். அப்போதே நிலைபெற்ற குடிகளாக அவர்கள் இருந்தார்கள் என்றால், அதற்கும் முந்தி வந்தவர்கள் என்பது தெளிவு. ராவுத்தர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. புதுநகரத்திலும் அக்கம்பக்கத்திலும் தமிழ் பேசும் ராவுத்தர்கள் பெருவாரியாக இருக்கிறார்கள். குதிரை வணிகமும் கால்நடைச் சந்தையும் அவர்களைக் கணவாய் வழியாகக் கொண்டுவந்தன என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஹைதர் அலி 1766இல் பாலக்காட்டில் கோட்டை கட்டிய பிறகு இங்கே குதிரைக்கும் தீவனத்துக்கும் தேவை பெருகியதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

உங்கள் பூட்டனார் போன்றவர்கள் வந்தது இதற்கெல்லாம் பிறகு. அதைப் புரிந்துகொள்ள அரசியல் எல்லையைப் பார்க்க வேண்டும். 1792இல் மலபாரும் 1799இல் கோயம்புத்தூரும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. சித்தூர் மட்டும் கொச்சி மகாராஜாவின் நாடு. கொச்சியின் மற்ற வட்டங்களிலிருந்து துண்டுபட்டு, ஒரு பக்கம் பிரிட்டிஷ் மலபாரும் மறுபக்கம் பிரிட்டிஷ் கோயம்புத்தூரும் சூழ்ந்து தனியாகக் கிடந்தது. அந்த வட்டத்தின் கிழக்குப் பாதி, அதாவது எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை பக்கம், கேரளம் என்று சொன்னால் யாரும் நினைக்கும் பச்சை நிலம் இல்லை. மழை குறைவு. பனைமரம், கள்ளி, வெயில். கேரளத்தில் கரிசல் மண் இருப்பதே சித்தூர் வட்டத்தில்தான். மேற்கே ஆற்றுப் பாசனத்தில் நெல் விளைவித்த மலையாளக் குடியானவருக்கு இந்த மேட்டு நிலம் ஆகாத நிலம். பொள்ளாச்சி, உடுமலைக் குடியானவருக்கோ இது கைவந்த நிலம். கிணறு வெட்டி, மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை பூட்டி, சோளமும் பருத்தியும் நிலக்கடலையும் போட அவருக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலம் வைத்திருந்த ஜன்மிக்கும் கொச்சி சர்க்காருக்கும் வரும்படி வேண்டும், வந்தவருக்கு நிலம் வேண்டும்.

இந்த வரவைப் பழைய ஆதாரங்களில் கண்ணால் பார்க்கலாம். நான் படித்தவற்றில் ஒரு மாதிரியைச் சொல்கிறேன். எழுத்து மலையாளம். தொடக்கத்தில் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு. எழுதிக்கொடுப்பவர் ‘கோயம்புத்தூர் ஜில்லா பொள்ளாச்சி தாலூக்கா’ இன்ன ஊர், இன்ன கவுண்டர் மகன் இன்னார், தொழில் கிருஷி. நிலத்துக்கு நான்கெல்லை: கிழக்கே ஒருவர் பறம்பு (மேட்டுத் தோட்டம்), தெற்கே தோடு (ஓடை), இப்படி. பிறகு வெறும்பாட்டத் தொகை, அதாவது குத்தகைத் தொகை. அதன் கீழே ‘குழிக்கூர் சமயங்கள்’, அதாவது நிலத்தில் குத்தகைக்காரர் தன் செலவில் உண்டாக்கியவை: கல்கட்டுக் கிணறு ஒன்று, பனை இத்தனை, புளி இரண்டு, ஓலை வேய்ந்த புரை ஒன்று. ஜன்மி நிலத்தைத் திரும்பக் கேட்டால் இவற்றுக்கு விலை கொடுக்க வேண்டும் என்பதால் ஒன்றுவிடாமல் எழுதியிருப்பார்கள். கடைசியில் மலையாள எழுத்துக்கு அடியில் தமிழில் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நெகிழும். தன்னால் படிக்க முடியாத பத்திரத்தில், தன் பெயரைத் தன் எழுத்தில் போட்டு நிலத்தில் கால் ஊன்றியிருக்கிறார் ஒரு மனிதர்.

அடுத்த தலைமுறையின் ஆதாரத்தில் பொள்ளாச்சி மறைந்துவிடும். ‘சித்தூர் தாலூக்கா’ இன்ன தேசத்தில் (ஊர்ப் பிரிவில்) இருக்கும் இன்னார் என்று மாறியிருக்கும். ஒரு குடும்பம் எப்போது இந்த ஊர்க்காரராக ஆனது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இந்த வரவு எப்போது பெருகியது? 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் கோயம்புத்தூர் ஜில்லாவை உலுக்கியது. அதில் பலர் மேற்கே நகர்ந்திருப்பார்கள் என்பது பொருத்தமான ஊகம், நானும் அதை நம்புகிறேன். ஆனாலும் அது ஊகம்தான், ஏனென்றால் பஞ்சத்துக்குத் தப்பி வந்த கூலியாள் ஆதாரம் எழுதிக்கொள்வதில்லை. ஆதாரம் எழுதியவர்கள் கையில் நாலு காசும் ஒரு ஜோடி மாடும் இருந்தவர்கள். அவர்களோடு வந்தும் எந்தக் காகிதத்திலும் பெயர் வராதவர்கள் ஏராளம். கவலையில் தண்ணீர் மொள்ளும் சாலுக்கு அடியில் தோல் வால் கட்ட வேண்டும், அது கிழிந்தால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. ஆகவே கவலை போன இடத்துக்கெல்லாம் தோல் வேலை தெரிந்த குடும்பங்களும் போயின. இன்று முதலமடை, கோவிந்தாபுரம் பக்கம் இருக்கும் சக்கிலியர் குடும்பங்களின் வரலாற்றை நில ஆவணத்தில் தேடினால் கிடைக்காது. அவர்களிடமே உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். அந்த வேலையை யாராவது செய்தாக வேண்டும்.

பிறகு ரயில். பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதை 1932இல் திறந்தது. புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம் என்று வட்டத்தின் தெற்கு ஓரமாகப் போகிறது. அதன் பிறகு பெண் கொடுப்பதும் எடுப்பதும் சந்தைக்குப் போவதும் இன்னும் சுலபமானது.

1950களில் எல்லை பற்றிய பேச்சு சூடானபோது, சென்னை மாநிலத்தோடு சேர்க்கும்படி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தமிழ் வட்டங்களில் தேவிகுளம், பீர்மேடோடு சித்தூரும் இருந்தது. தெற்கே நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்துக்குப் போயின. சித்தூர் கேரளத்தில் நின்றது. 1957 ஜனவரி 1இல் பாலக்காடு மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே எழுத்துத் தொடர்பு கொள்ளலாம் என்கிறது. சட்டம் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டுப் பெறுகிறவர்கள் குறைவு என்பது என் பணிக்கால அனுபவம். நில உரிமையைப் பொறுத்தவரை பெரிய திருப்பம் 1970 ஜனவரி 1. நிலச் சீர்திருத்தச் சட்டத் திருத்தம் அன்று நடப்புக்கு வந்து ஜன்மி முறை ஒழிந்தது. மூன்று தலைமுறையாகப் பாட்டம் அளந்த குடும்பங்கள் பட்டயம் வாங்கி உடைமையாளர் ஆயின. உங்கள் நண்பரிடம் நீங்கள் இதைச் சொல்லலாம்: அந்தச் சட்டத்தின் முன் உரிமை கேட்ட மலையாளக் குத்தகைக்காரரும் தமிழ்க் குத்தகைக்காரரும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள்.

அதே 1970இல் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தமும் கையெழுத்தானது. மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைத் தமிழ்நாடு கேரளத்துக்கு விட வேண்டும். கோடையில் தண்ணீர் குறையும்போது ‘தமிழ்நாடு தண்ணீர் தரவில்லை’ என்று சித்தூரில் மறியல் நடக்கும். அதில் உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், அவர்களுடைய மாமன் மச்சான் ஆழியாற்றுப் பாசனத்தில் அந்தப் பக்கம் தென்னை வைத்திருப்பவர்கள். சித்தூர்க்காரர் என்ற உரிமையை அவர்கள் ஆற்றுத் தண்ணீரில் கேட்கிறார்கள். வந்தவர், இருந்தவர் என்ற பேச்சுக்கு அங்கே வேலையே இல்லை.

இனி உங்கள் குடும்பத்தைத் தேடும் வழி. முதலில் ஊரிலிருக்கும் பெரியவர்களிடம் கூட்டத்தின் (குலப் பிரிவின்) பெயரையும், குலதெய்வக் கோயில் எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். கொங்கு வேளாளர் என்றால் காணியூர்க் கோயில் காங்கேயம், தாராபுரம் பக்கமோ வேறு எங்கோ இருக்கும், அங்கே பொங்கல் வைக்கப் போகிற வழக்கமும் விட்டுப்போயிருக்காது. அது பழைய வேரைக் காட்டும். பூட்டனார் கடைசியாகப் புறப்பட்ட ஊர் அதுவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, இடையில் பொள்ளாச்சியில் இரண்டு தலைமுறை தங்கியிருக்கலாம்.

பிறகு நிலம். இப்போது கரம் (நில வரி) கட்டும் ரசீதிலிருந்து தண்டப்பேர் எண்ணையும் (வில்லேஜ் கணக்கில் உங்கள் நிலத்துக்குரிய எண்) ரீசர்வே எண்ணையும் எடுங்கள். வில்லேஜ் ஆபீசில் அதற்கான பழைய சர்வே எண்ணைக் கேளுங்கள். பட்டயம் வாங்கிய நிலம் என்றால், குத்தகைக்காரருக்குப் பட்டயம் கொடுத்த லேண்ட் டிரிபியூனலின் ஃபைலுக்கு நகல் மனு போடுங்கள். உரிமையை நிரூபிக்கப் பழைய பாட்டச்சீட்டை அதில் இணைத்திருக்க வாய்ப்பு அதிகம், நான் பார்த்த நல்ல சான்றுகள் பலவும் அந்த ஃபைல்களில் கிடைத்தவைதான். சப்ரிஜிஸ்திரார் ஆபீசில் பழைய ஆதாரத்தின் நகலுக்கும் மனு கொடுக்கலாம். கொச்சியில் 1905இல் தொடங்கிய செட்டில்மென்டில் நிலம் பண்டாரவகையா (சர்க்கார் நிலம்) புறவகையா (ஜன்மி நிலம்), யார் கைவசம் என்பது பதிவானது. கொச்சி சர்க்கார் ஆவணங்கள் எர்ணாகுளத்து மண்டல ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கோழிக்கோட்டுக்குப் போய் அலைய வேண்டாம், அங்கே இருப்பது மலபார் ஆவணம். ஆனால் உங்கள் நிலம் கொல்லங்கோடு பக்கம் என்றால் கோழிக்கோடுதான், ஏனென்றால் கொல்லங்கோடு அன்றைக்கு மலபாரில் இருந்தது. கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வரும். 1080 என்று பார்த்தால் 1905 என்று படியுங்கள்.

1905 பதிவேட்டில் உங்கள் பூட்டனார் பெயர் இருந்தால் அவர் அதற்கு முந்தி வந்தவர் என்பது முடிவாகிவிடும். பெயர் இல்லை என்றால் அவர் அப்போது வரவில்லை என்று உடனே எண்ணிவிடாதீர்கள். புறவகை நிலத்தில் பதிவேடு ஜன்மியின் பெயரைச் சொல்லிவிட்டுக் குத்தகைக்காரரை விட்டிருக்கலாம். நிலம் எந்த வில்லேஜில் இருக்கிறது, குலதெய்வம் எந்த ஊர் என்ற இரண்டையும் எழுதுங்கள். எந்த அலுவலகத்தில் எந்தப் பதிவேட்டை முதலில் கேட்க வேண்டும் என்பதையும், மனுவை எப்படி எழுதுவது என்பதையும் சொல்கிறேன்.